பின்னால் போக வழி விடுங்கள்

“இன்னைக்கு ஒரு நாள் மட்டும் நீ யாரையும் ஒண்ணும் சொல்லக் கூடாதும்மா. சத்தியம் பண்ணு,” என்று வீட்டு வாசலிலேயே பாப்பா கையை நீட்டிவிட்டாள்.

“நான் யாரை என்னடி சொல்லப் போறேன்?”

“கியூவுல யாராவது நடுவுல பூந்தா?”

டோக்கன் அக்கா குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். பெற்ற மகளிடம் பொய் சொல்ல வரவில்லை.

ஆஸ்பத்திரியில் வெளிநோயாளிகளுக்கு டோக்கன் கொடுத்து, வரிசைப்படி உள்ளே அனுப்புகிற வேலை அவளுக்கு. டாக்டர் முதல் தரை துடைக்கிற அம்மா வரைக்கும் எல்லோருக்கும் அவள் டோக்கன் அக்காதான். காலையில் கதவைத் திறந்ததும் ஆரம்பிக்கும். ‘ஒரே ஒரு கையெழுத்துதான் அக்கா’, ‘டாக்டர்தான் நேரா வரச் சொன்னாரு’, ‘நான் நேத்தே வந்துட்டுப் போனவன்’ என்று ஆளுக்கொரு காரணத்தோடு வருவார்கள். யார் சொல்வது நிஜம், யார் புளுகுகிறார்கள் என்பது அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். உண்மையிலேயே முடியாதவர்களைக் கைத்தாங்கலாக அவளே முதலில் உள்ளே கூட்டிக்கொண்டு போவாள். மற்றவர்கள் எந்தக் கொம்பனாக இருந்தாலும் தன் முறை வரும்வரை நாற்காலியில் உட்கார வேண்டியதுதான்.

இந்தப் பழக்கம் ஆஸ்பத்திரியோடு நின்றிருந்தால் பாப்பா சத்தியம் கேட்டிருக்க மாட்டாள். போன வருஷம் ஒரு பெரிய கடையில், பணம் கட்டுகிற வரிசையின் நடுவில் ஒருவர் நைசாக நுழைந்தார். அக்கா அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக் கடைசிவரை கூட்டிக்கொண்டு போய் நிறுத்திவிட்டு வந்தாள். அவர் பாப்பாவின் மேலதிகாரி. மறுநாள் ஆபீசில் அவர் பாப்பாவைப் பார்த்ததும் மணிக்கட்டைத் தடவிவிட்டுக்கொண்டாராம்.

இன்றைக்கு விஷயம் அதைவிடப் பெரியது. பாப்பா கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவள். அதே ஆபீசில் பக்கத்து மேஜையில் இருக்கும் பையனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று சொல்லிவிட்டாள். பையன் தங்கமானவன். இரண்டு வீட்டாரும் ஒரு தடவை சந்தித்தும் ஆகிவிட்டது. சந்திப்பா அது! ஆளுக்கொரு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, வெயிலைப் பற்றிக் கொஞ்சம், விலைவாசியைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிட்டுக் கலைந்தார்கள். ‘ஒரு நாள் பூரா ஒண்ணா சுத்தினா எல்லாரும் தன்னால பழகிடுவாங்க’ என்று சின்னதுகள் இரண்டும் கூடிப் பேசி, ஊருக்கு வெளியே இருக்கும் தீம் பார்க்குக்கு ஏற்பாடு செய்திருந்தார்கள்.

அக்கா மகளின் உள்ளங்கையில் பட்டென்று அடித்தாள். “சரி, வாயே திறக்க மாட்டேன். போதுமா?”

அவள் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமை வேன் சும்மா நிற்பதால் அதிலேயே எல்லோரும் கிளம்பினார்கள். வழியில் மாப்பிள்ளை வீட்டாரை ஏற்றிக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் அப்பா லிப்ட் மெக்கானிக். கேட்டதற்கு ‘ம்’ என்பார், கேட்காததற்கும் ‘ம்’ என்பார். அவருக்கும் சேர்த்துச் சம்பந்தியம்மா பேசினாள். கேக் கடை நடத்துகிறவள். ஆள் நல்ல வாட்டசாட்டம். அகலமான மஞ்சள் தொப்பி, அதைவிட அகலமான கைப்பை, அதற்குள் டப்பா டப்பாவாகக் கேக். வேன் முதல் திருப்பத்தைத் தாண்டுவதற்குள் எல்லோர் கையிலும் ஆளுக்கொரு துண்டைத் திணித்துவிட்டாள். வேன்காரருக்கு அவளே வாயில் ஊட்டியிருப்பாள். அவர்தான் பதறிப்போய் ஒரு கையால் வாங்கிக்கொண்டார்.

‘நல்ல மனுஷிதான்’ என்று அக்கா நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பு தீம் பார்க் வாசல் வரைக்கும்தான் நிலைத்தது.

வாசலில் டிக்கெட்டைக் காட்டி உள்ளே போகிற வரிசை, வண்டிகள் நிறுத்துகிற இடம்வரை நீண்டிருந்தது. அக்கா பழக்கதோஷத்தில் கடைசி ஆளைத் தேடிப் போனாள். ஆனால் சம்பந்தியம்மா வரிசையை ஒட்டினாற்போல முன்னால் நடந்துகொண்டிருந்தாள். நடந்துகொண்டே, தூரத்தில் யாரையோ பார்த்துக் கையை உயர்த்தி ஆட்டினாள்.

“இதோ வந்துட்டோம்! அங்கேயே நில்லுங்க, நகராதீங்க! வந்துட்டே இருக்கோம்!”

வரிசையில் நின்றவர்கள், பாவம், யாரோ குடும்பத்தைத் தவறவிட்டவர்கள் என்று ஒதுங்கி வழிவிட்டார்கள். அக்காவும் எம்பி எம்பிப் பார்த்தாள். சம்பந்தியம்மாவுக்குப் பதிலாகக் கை ஆட்டுகிற ஒரு ஜீவனும் அங்கே இல்லை.

“யாரைக் கூப்பிடுறாங்க?” என்று மகளின் காதில் கேட்டாள்.

“யாரையும் இல்லம்மா. அவங்க எப்பவும் அப்படித்தான். பேசாம வா.”

மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தான். லிப்ட் மெக்கானிக் வானத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தார். காற்றைப் பார்த்துக் கையாட்டியே ஆறு பேரையும் உள்ளே கொண்டுவந்து சேர்த்துவிட்டாள் அந்த அம்மாள். ஒதுங்கி நின்றவர்களைத் தாண்டும்போது அக்காவுக்குக் காது மடல் இரண்டும் சுட்டது. ஆஸ்பத்திரியில் தினமும் பார்க்கிற முகங்கள் அவை. ஆனால் அங்கே அவள் நிற்கிற பக்கம் வேறு.

உள்ளே ஒரு மரத்தடியில் பெஞ்சைப் பார்த்ததும் வேன்காரர் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு இடுப்புப் பிடிப்பு. எந்த ராட்டினமும் ஆகாது. “பையெல்லாம் இங்க வெச்சிட்டுப் போங்க. நான் பார்த்துக்கறேன்,” என்றார். சொல்லி முடிப்பதற்குள் கொட்டாவி விட்டார். சம்பந்தியம்மா கைப்பையை மட்டும் கொடுக்கவில்லை.

முதலில் சங்கிலி ராட்டினம். உயரமான கம்பத்தைச் சுற்றி நாற்காலிகள் சங்கிலியில் தொங்கும். சுற்ற ஆரம்பித்தால் குடை விரிந்தது மாதிரி மேலே போகும். இங்கே கையாட்டுகிற வித்தை எடுபடாது, வரிசை வளைந்து வளைந்து போனது. சம்பந்தியம்மாவிடம் வேறு சரக்கு இருந்தது. ஒரு வளைவில் இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் நின்றிருந்தாள். நேராக அவளிடம் போனாள்.

“அடடா, கன்னத்தைப் பாரேன்! எத்தனை மாசம்? தூங்கறானா ராத்திரியில? என் பையன் என்னைத் தூங்கவே விட்டதில்ல, இதோ நிக்கிறான் பாரு, தடிமாடு!”

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே பதில் சொல்லி முடித்தபோது, அவள் கையில் ஒரு துண்டு கேக் இருந்தது. சம்பந்தியம்மா அவளுக்கு முன்னால் நின்றிருந்தாள். தடிமாட்டைக் காட்டுகிற சாக்கில் மற்ற நான்கு பேரும்கூட உள்ளே இழுக்கப்பட்டிருந்தார்கள். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவளிடம் பொய் சொல்லி நுழைகிறவர்கள் எல்லோரும் கடுகடுவென்று இருப்பார்கள், இல்லாவிட்டால் அழுவார்கள். இப்படிக் குழந்தையைக் கொஞ்சி, கேக் கொடுத்து, மனமார வாழ்த்திவிட்டு நுழைகிறவளை அவள் இதுவரை பார்த்ததில்லை.

குழந்தைக்காரிக்குப் பின்னால் ஒருவர் இரண்டு சின்னப் பெண்களைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். சின்னவள் அப்பாவின் சட்டையை இழுத்தாள்.

“அப்பா, அந்த ஆன்ட்டி இப்பத்தானே வந்தாங்க?”

“விடும்மா.”

“நாம அப்பவே வந்தோமே?”

“விடும்மான்னு சொல்றேன்ல.”

அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். பாப்பா அம்மாவின் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள்.

ராட்டினத்துக்காரர் ஆட்களை எண்ணி எண்ணி உள்ளே விட்டார். இவர்கள் ஐந்து பேரும் போனார்கள், குழந்தைக்காரி ஒதுங்கிக்கொள்ள, கூட நின்ற அவள் வீட்டுக்காரர் போனார், அதோடு நாற்காலிகள் நிரம்பிவிட்டன. அந்தச் சின்னப் பெண்ணின் மூக்குக்கு நேராகக் கதவு சாத்தப்பட்டது.

ராட்டினம் கிளம்பியது. எல்லோரும் ஓவென்று கத்தினார்கள். சம்பந்தியம்மா தொப்பியை மடியில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையையும் விரித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் கதவுப் பக்கம் வரும்போது அந்தச் சின்ன முகம் கம்பிகளுக்கு நடுவில் தெரிந்தது. அழவில்லை, கோபப்படவும் இல்லை. தலையை அண்ணாந்து, தன் நாற்காலி எது என்று தேடுவது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். மூடினால் தலை சுற்றியது. திறந்தால் அந்த முகம். இறங்கி வரும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் வந்தாள்.

“பயந்துட்டீங்களா சம்பந்தி?” என்று முதுகைத் தட்டினாள் சம்பந்தியம்மா. “இதுக்கேவா? வாங்க, படகுல போலாம். அதுதான் இங்க பெரிசு!”

படகு என்றால் சாதாரணப் படகு இல்லை. சங்கிலி ஒன்று படகை ஒரு செயற்கை மலையின் உச்சிவரை இழுத்துக்கொண்டு போகும். அங்கிருந்து செங்குத்தாகத் தண்ணீரில் விழும். விழுகிற ஒவ்வொரு தடவையும் கீழே சுவர் உயரத்துக்குத் தண்ணீர் எழும்பியது, மேலே அலறல் கேட்டது. அதற்கான வரிசை கம்பித் தடுப்புகளுக்குள் போய், திரும்பி, மறுபடி போய், படிக்கட்டில் ஏறி மறைந்தது. பார்க்கிற எவருக்கும் தலை கிறுகிறுக்கும்.

சம்பந்தியம்மாவுக்குக் கிறுகிறுக்கவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு தடுப்புக்குள் நுழைந்தாள். “எக்ஸ்கியூஸ் மீ, கொஞ்சம் வழி, நம்ம பிள்ளைங்க மேல நிக்கிறாங்க,” என்று பேசிக்கொண்டே போனாள். திரும்பிப் பார்க்கவேயில்லை. எல்லோரும் பின்னால் வருவார்கள் என்பதில் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

அக்கா நின்றுவிட்டாள்.

“அம்மா, ப்ளீஸ்,” என்றாள் பாப்பா. “சத்தியம் பண்ணியிருக்கே.”

“நான் யாரையாவது ஏதாவது சொன்னேனா?” அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “வாயே திறக்கல. நான்பாட்டுக்குப் போய் நிக்கப்போறேன். அதுக்குச் சத்தியம் எதுவும் பண்ணலையே?”

சொல்லிவிட்டு விறுவிறுவென்று வரிசையின் கடைசிக்கு நடந்தாள். அங்கே போய் நின்றதும் காலையிலிருந்து முதல் தடவையாக மூச்சு சீராக வந்தது. சற்று நேரத்தில் பின்னால் யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். திரும்பினால், லிப்ட் மெக்கானிக்.

“நீங்க போகலையா?”

“ம்ஹூம்,” என்றார் அவர். பிறகு, ரொம்ப நேரம் யோசித்து, “நிக்கிறேனே,” என்றார்.

அடுத்தது மாப்பிள்ளை வந்தான். அசடு வழிய, “நானும் இங்கயே நிக்கிறேன் அத்தை,” என்றான். பாப்பா மட்டும் நடுவில் தத்தளித்தாள். முன்னால் மாமியாராகப் போகிறவளின் மஞ்சள் தொப்பி ஒவ்வொரு வளைவாகத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. பின்னால் பெற்றவள். கடைசியில் தரையை ஓர் உதை உதைத்துவிட்டு வந்து சேர்ந்தாள்.

“உன்னாலதான் எல்லாம். இப்ப அவங்க கோச்சுக்கிட்டா?”

“கோச்சுக்கிட்டா நான் பேசிக்கிறேன்.”

“நீ பேசினா இன்னும் மோசம்!”

தொப்பி படிக்கட்டில் ஏறியது. உச்சிக்குப் பக்கத்தில் நின்றது. இப்படியும் அப்படியும் திரும்பியது. பாப்பாவின் போன் அடித்தது.

“எங்கம்மா இருக்கீங்க எல்லாரும்?”

“அத்தை… கீழ. கடைசியில.”

“கடைசியிலயா? அங்க என்ன பண்றீங்க?”

“நிக்கிறோம் அத்தை.”

மறுமுனையில் போன் வைக்கப்பட்டது. பாப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. மேலே தொப்பி கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது, பிறகு இறங்க ஆரம்பித்தது.

வரிசையில் புகுந்து முன்னேறுவதில் கைதேர்ந்தவளுக்குப் பின்னேறுவது பழக்கமில்லை. படிக்கட்டு குறுகல். கூட்டம் முழுக்க மேலே பார்த்து நிற்கிறது, இவள் ஒருத்தி மட்டும் கீழே வருகிறாள்.

“யம்மா, தள்ளாதீங்க! வரிசையில வாங்க!” என்று ஒருவர் கத்தினார்.

“அட, நான் முன்னாடி போகலைங்க. பின்னாடி போறேன்!”

“எல்லாரும் இப்படித்தான் சொல்றீங்க!”

“முன்னாடி போறவ எதுக்குய்யா கீழ இறங்கணும்? வழி விடுங்க, பின்னாடி போக வழி விடுங்க!”

“இவங்க அப்பவே இடிச்சிட்டுப் போனவங்கதான்,” என்று கடைசி வளைவில் நின்ற ஒரு பெண்மணி காட்டிக்கொடுத்தாள். “இப்ப மறுபடியும் வராங்க!”

“அதே ஆளுதாம்மா நான்! அதான் திரும்பிப் போயிட்டிருக்கேன்!”

ஒவ்வொரு வளைவிலும் இதே வழக்கு. கடைசியில் வந்து சேர்ந்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது, தொப்பி கோணியிருந்தது. “பொய் சொன்னப்பல்லாம் ஒதுங்கி வழி விட்டானுங்க,” என்றாள் ஆற்றாமையோடு. “உண்மையைச் சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டேங்கிறான்!”

மாப்பிள்ளை களுக்கென்று சிரித்துவிட்டான். அம்மா பார்த்த பார்வையில் சிரிப்பு பாதியில் அறுந்தது. பிறகு அவள் அக்காவின் பக்கம் திரும்பினாள். சிரிப்பு இல்லாத அவள் முகத்தை அக்கா இப்போதுதான் பார்க்கிறாள்.

“மேல அந்தப் பையன் எத்தனை பேருன்னு கேட்டான். அஞ்சு பேருன்னு பெருமையா சொல்லிட்டுத் திரும்பினா, பின்னாடி ஒருத்தரும் இல்ல. எனக்கு எப்படி இருந்திருக்கும்? என்கூட வர இஷ்டம் இல்லைன்னா வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல சம்பந்தி?”

“வாயைத் திறக்க மாட்டேன்னு பொண்ணுகிட்ட சத்தியம் பண்ணிட்டு வந்தேன்.”

“அம்மா!” என்றாள் பாப்பா.

“இனிமே மறைச்சு என்னடி?” அக்கா சம்பந்தியம்மாவின் தொப்பியை நேராக்கிவிட்டாள். கை தானாகப் போய்விட்டது. “உங்க மேல கோபம் இல்லைங்க. அந்த ராட்டினத்துல நமக்குப் பின்னாடி ஒரு சின்னப் பொண்ணு நின்னுச்சு. நாம உள்ள போனதுல அது வெளிய நின்னுடுச்சு. சுத்தற ஒவ்வொரு தடவையும் அது மூஞ்சிதான் எனக்குத் தெரிஞ்சுது. நான் ஏறினதே அது நாற்காலியிலதானோன்னு ஆயிடுச்சு.”

“எந்தப் பொண்ணு? நான் பார்க்கவேயில்லையே?”

“நீங்க திரும்பினாத்தானே தெரியும்.”

சொன்ன பிறகு அக்காவுக்கே திக்கென்றது. பாப்பா கண்ணை மூடிக்கொண்டாள். கல்யாணம் கைநழுவிப் போகிற சத்தம் அவள் காதில் விழுந்திருக்க வேண்டும்.

சம்பந்தியம்மா கைப்பையைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். “எத்தனை வயசு இருக்கும்?” என்று கேட்டாள்.

“ஆறு, ஏழு.”

“அழுதாளா?”

“இல்ல. பார்த்துக்கிட்டே இருந்துச்சு.”

“அழுதிருந்தாக்கூடப் பரவாயில்ல,” என்று முணுமுணுத்துவிட்டு, அவள் தன் வீட்டுக்காரருக்குப் பின்னால் போய் வரிசையில் நின்றாள்.

வரிசை நத்தை வேகத்தில் நகர்ந்தது. நிற்பதில் அக்காவுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. லிப்ட் மெக்கானிக்குக்கோ கொண்டாட்டமாகவே இருந்தது. இத்தனை நேரம் ‘ம்’ போட்டுக்கொண்டிருந்த மனிதர், படகை இழுக்கும் சங்கிலி கண்ணில் பட்டதும் வேறு ஆளாகிவிட்டார். “அந்தக் கடகட சத்தம் கேக்குதா? படகு பின்னாடி வழுக்கிடாம பல்லுல மாட்டி மாட்டிப் போகுது, அந்தச் சத்தம்தான். எங்க லிப்ட்லயும் இப்படி ஒண்ணு வெச்சிருக்கோம், ஆனா சத்தம் வராது. மோட்டார் அந்த ரூம்ல இருக்கணும். நல்லா எண்ணெய் போட்டு வெச்சிருக்கான், நல்ல ஆளு!” மாப்பிள்ளை வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான். அப்பா இவ்வளவு பேசி அவன் பார்த்ததே இல்லையாம்.

ஆனால் சம்பந்தியம்மாவின் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. முதல் வளைவில் கேக் கொடுத்தாள். இரண்டாவது வளைவில் கால் வலிக்கிறது என்றாள். மேலே அலறல் கேட்கும்போதெல்லாம் தோளைக் குறுக்கிக்கொண்டாள். படிக்கட்டின் அடியில் வந்தபோது கம்பியைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வெளுத்திருந்தன. மேலுதட்டில் வியர்வை அரும்பியிருந்தது.

“நீங்கள்லாம் போய்ட்டு வாங்க,” என்றாள் திடீரென்று. “நான் அந்தப் பெஞ்சுல போய் உக்காந்திருக்கேன். அண்ணன் தனியா இருப்பாரு.”

“அவர் தூங்கிட்டிருப்பார்,” என்றாள் அக்கா.

லிப்ட் மெக்கானிக் சங்கிலியிலிருந்து கண்ணை எடுத்தார். “நின்னா இவளுக்கு ஆகாதுங்க. சட்டுனு போய் ஏறிட்டா ஒண்ணுமில்ல. காக்க வெச்சா யோசனை வந்துடும். யோசனை வந்தா கம்பி நீட்டிடுவா. பல்லு பிடுங்கப் போனப்பவும் இதே கதைதான்.”

“ஊரெல்லாம் சொல்லுங்க!” என்று அவள் சீறினாள். ஆனால் அதில் வேகம் இல்லை. அக்காவிடம் மெதுவாகச் சொன்னாள்: “பின்ன என்ன சம்பந்தி? நிக்க நிக்க வயித்துக்குள்ள என்னவோ பிசையுது. அந்தச் சங்கிலி அறுந்தா, இந்தப் படகு கவுந்தா… ஒண்ணொண்ணா வருது. பேசிக்கிட்டே, இடிச்சுக்கிட்டே போய் ஏறிட்டா அதெல்லாம் வர நேரமே இருக்காது. சின்ன வயசுலேருந்தே அப்படித்தான். ஜனங்க என்னைத் திமிர் பிடிச்சவன்னு நினைச்சுக்கிட்டா நினைச்சுக்கட்டும்னு விட்டுட்டேன்.”

அக்காவுக்குத் தன் ஆஸ்பத்திரியின் ஊசி போடுகிற அறை வாசல் நினைவுக்கு வந்தது. வாரா வாரம் வந்து, ‘என்னை முதல்ல அனுப்பு, எனக்கு வேலை இருக்கு’ என்று மேஜையைத் தட்டிச் சண்டை போடுகிற மீசைக்காரர் ஒருவர் உண்டு. அவரை அவள் வேண்டுமென்றே கண்டிப்பாகக் கடைசிவரை உட்கார வைப்பாள். இரண்டு தடவை அவர் ஊசி போட்டுக்கொள்ளாமலே எழுந்து போயிருக்கிறார். திமிர் என்றுதான் அவளும் நினைத்திருந்தாள்.

“என் கையைப் பிடிச்சுக்கோங்க,” என்றாள்.

“எனக்கென்ன சின்னக் குழந்தையா?” என்றபடியே சம்பந்தியம்மா பிடித்துக்கொண்டாள். நல்ல பிடி. மாவு பிசைந்து பிசைந்து உரமேறின கை. அக்காவுக்கு விரல் எலும்பெல்லாம் நொறுங்குகிற மாதிரி இருந்தது.

“கேக்குக்கு மேல ரோஜாப்பூ போடுறீங்களே, அது எப்படி?”

“இப்ப எதுக்கு அது?”

“சொல்லுங்களேன். எனக்குத் தெரியணும்.”

ஆஸ்பத்திரியில் பயந்தவர்களிடம் அவள் கையாளுகிற உத்திதான் அது. அவர்களுக்குத் தெரிந்த ஒன்றைக் கேட்டுவிடுவாள். சம்பந்தியம்மா முதலில் வேண்டா வெறுப்பாக ஆரம்பித்தாள். கிரீமைக் குளிரவைப்பது, குழலின் நுனியைச் சாய்த்துப் பிடிப்பது, உள்ளிதழை முதலில் சுற்றுவது என்று போகப் போகச் சூடு பிடித்தது. இரண்டு படி ஏறினால் ஓர் இதழ் என்ற கணக்கில் ரோஜாப்பூ வளர்ந்தது. முன்னால் நின்ற இரண்டு பெண்கள்கூடத் திரும்பி நின்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

கிட்டத்தட்ட உச்சிக்கு வந்தாயிற்று. அப்போது கீழேயிருந்து ஒரு குரல்: “எக்ஸ்கியூஸ் மீ, எக்ஸ்கியூஸ் மீ, எங்க பிரெண்ட்ஸ் மேல நிக்கிறாங்க.” மூன்று வாலிபர்கள், ஒரே மாதிரி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, மேலே பார்த்துக் கையாட்டியபடி படியேறி வந்தார்கள். “மச்சான், வந்துட்டோம்டா! அங்கயே நில்லு!”

அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு ஒதுங்கப் பார்த்தாள். சம்பந்தியம்மா ஒதுங்கவில்லை. படிக்கட்டை அடைத்துக்கொண்டு நின்றாள்.

“எங்க உங்க பிரெண்டு?”

“அதோ மேல ஆன்ட்டி.”

“பேரு?”

மூன்று பேரும் மூன்று பெயர் சொன்னார்கள்.

“அவனைக் கை தூக்கச் சொல்லு, பார்ப்போம். ஏண்டா, காத்தைப் பார்த்துக் கையாட்டிட்டு வரீங்க, அதுவும் என்கிட்டயேவா? அது எங்க வித்தைடா!”

“ஆன்ட்டி, பஸ்ஸுக்கு நேரமாச்சு…”

“பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னா வாசலுக்குல்ல போகணும்? பொய் சொன்னாலும் கொஞ்சம் பொருத்தமா சொல்லணும். நாங்கள்லாம் எவ்வளவு நேரமா நிக்கிறோம் தெரியுமா? கால் கடுக்க, வயித்தைக் கலக்க நிக்கிறோம்! போங்க, கீழ போங்க!”

படிக்கட்டு முழுக்கக் கைதட்டியது. கீழே கடைசி வளைவில் அவளைக் காட்டிக்கொடுத்து, இவர்களுக்குச் சற்று முன்னால் நின்ற பெண்மணிதான் எல்லோரையும்விட பலமாகத் தட்டினாள். வாலிபர்கள் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இறங்கினார்கள். “நில்லுங்கடா,” என்று கூப்பிட்டு ஆளுக்கொரு துண்டு கேக் கொடுத்து அனுப்பினாள். இவ்வளவும் நடக்கும்போது அக்காவின் கையை அவள் விடவேயில்லை. அக்கா சத்தியத்தைக் காப்பாற்றிக்கொண்டு, வாயை மூடிச் சிரித்து, வயிறு வலித்து நின்றாள்.

படகு வந்தது. முன்வரிசையில் இரண்டு அம்மாக்கள், நடுவில் சின்னதுகள், கடைசியில் லிப்ட் மெக்கானிக். பாதுகாப்புக் கம்பி மடியில் இறங்கியதும் சம்பந்தியம்மா, “இறக்கி விடுங்க,” என்றாள். படகு கிளம்பிவிட்டது.

“ரோஜாப்பூ முடிஞ்சுதா?” என்று கேட்டாள் அக்கா.

“இலை பாக்கி இருக்கு.”

“சொல்லுங்க.”

“பச்சைக் கிரீமை எடுத்து… அய்யோ சம்பந்தி, கீழ பாருங்க… குழலை நசுக்கி… கூரா இழுத்து…”

கடகடவென்று சங்கிலி இழுத்தது. பின்னாலிருந்து லிப்ட் மெக்கானிக், “கேக்குது பாருங்க, பல்லு நல்லா பிடிக்குது!” என்று உற்சாகமாகக் கத்தினார். உச்சியில் படகு ஒரு நொடி நின்றது. கீழே பூங்கா முழுவதும் பொம்மைக் கடை மாதிரி தெரிந்தது. பிறகு ஒன்றுமே தெரியவில்லை.

விழும்போது ஒரு குரல் மட்டும் எல்லாவற்றையும் அமுக்கிக்கொண்டு கேட்டது. அது சம்பந்தியம்மாவுடையது இல்லை. காலையிலிருந்து வாயைக் கட்டிக்கொண்டிருந்த டோக்கன் அக்கா, ஆஸ்பத்திரிக் கூடம் முழுவதும் கேட்கிற மாதிரி கூப்பிட்டுப் பழகிய தொண்டையால், அடிவயிற்றிலிருந்து அலறினாள். தண்ணீர் வந்து மூடிய பிறகுதான் அது நின்றது.

“அம்மாடி!” என்றாள் சம்பந்தியம்மா, முகத்தை வழித்துக்கொண்டு. “படகைவிட உங்க சத்தத்துக்குத்தான் நான் பயந்தேன்!”

சொல்லிவிட்டு அவள் சிரிக்க ஆரம்பித்தாள். அக்காவும் சேர்ந்துகொண்டாள். படகை விட்டு இறங்க முடியாமல், ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து இருவரும் சிரித்ததைப் பார்த்து, இறக்கிவிட வந்த பையன் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். பாப்பா மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவன் ‘அப்பாடா’ என்று நெஞ்சில் கை வைத்துக் காட்டினான்.

மரத்தடிப் பெஞ்சுக்கு வந்தபோது வேன்காரர் பைகளின் மேல் சாய்ந்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். ஈரச் சட்டையோடு போய் அவரை எழுப்பிய லிப்ட் மெக்கானிக், “வாங்க, உங்களுக்கு ஒண்ணு காட்டணும்,” என்றார். “ஏற வேண்டாம். சும்மா என்கூட வரிசையில நின்னா போதும். கீழ அந்த மோட்டார் ரூம் கதவு திறந்திருக்கு. நின்னபடியே பார்க்கலாம்.” வண்டி ஓட்டுகிறவருக்கு மோட்டார் என்றதும் இடுப்புப் பிடிப்பு மறந்துவிட்டது. தகப்பன்மார் இருவரும் தோளோடு தோள் உரசிக்கொண்டு வரிசையைப் பார்க்கப் போனார்கள். சின்னதுகள் ஐஸ்கிரீம் வாங்கக் கிளம்பின.

அம்மாக்கள் இருவரும் வெயில் விழுகிற பக்கமாகப் பெஞ்சை இழுத்துப் போட்டு, புடவை காயட்டும் என்று காலை நீட்டி உட்கார்ந்தார்கள்.

“கல்யாணத்துக்கு உங்க பக்கம் எத்தனை பேர் வருவாங்க சம்பந்தி?” என்று கேட்டாள் சம்பந்தியம்மா, தலைமுடியைப் பிழிந்துகொண்டே. “கேக் நான்தான் செய்வேன், இப்பவே சொல்லிட்டேன். அதுல போட்டிக்கு வராதீங்க.”

“நான் எதுக்கு வரேன்? எனக்கு ரோஜாப்பூ இலைவரைக்கும்தான் தெரியும். அதுவும் பாதியில நிக்குது.”

“அது கிடக்குது, வீட்டுக்கு வாங்க, கையைப் பிடிச்சுப் போடச் சொல்லித் தரேன்.” அவள் கைப்பைக்குள் துழாவி, நனைந்து கூழான ஒரு துண்டு கேக்கை வெளியே எடுத்தாள். இரண்டாகப் பிய்க்கப் பார்த்தாள், வரவில்லை. அப்படியே முழுசாக அக்காவின் உள்ளங்கையில் வைத்தாள். அக்கா அதை நக்கித் தின்றுகொண்டே, முகூர்த்தத்தை ஆஸ்பத்திரியில் கூட்டம் குறைவாக இருக்கிற மாதத்தில் வைத்துக்கொண்டால் எல்லா நர்சம்மாக்களும் வருவார்கள் என்று சொல்ல ஆரம்பித்தாள்.